தறி நிற்கும் வீட்டிற்குக் காவல் யார்?

ஆண்டுதோறும் நம் சங்கங்களின் மகாசபை கூடும்போது நூல் விலை, கூலி உயர்வு, தள்ளுபடிப் பாக்கி, தேங்கிய துணி ஆகியவை பற்றி நெடுநேரம் பேசுகிறோம். தறி நிற்கும் வீட்டில் தீப்பற்றினால், அல்லது தறிக்குழியில் அமர்ந்திருப்பவரை மின்சாரம் தாக்கினால் என்ன செய்வது என்பது பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. அஃது அவரவர் வீட்டுக் காரியம் என்று விட்டுவிடுகிறோம். இவ்வாறு விட்டுவிடுவது தவறென்பது நம் கருத்து.

சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை பயன்படும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அதனைத் தொழிற்சாலை என்று கொண்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திற்று. கணவர் நெய்ய, மனைவி தார் சுற்ற, முதியவர் இழை முடியும் வீடு எந்தக் கணக்கில் சேரும்? வீட்டிலிருந்து உழைப்போருக்கும் பணிப் பாதுகாப்பு உண்டென்று 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா இன்னும் அதனை ஏற்கவில்லை.

ஆயினும் அவ்வீட்டில் இருக்கும் நூலும் பாவும் சங்கம் கொடுத்தவை. அவை எரிந்தால் சங்கத்தின் கணக்கிலும் எரிகின்றன. ஆகவே இதனைத் தனி மனிதர் பாடு என்று தள்ள நமக்கு நியாயம் இல்லை.

மின்சாரத்தைப் பார்ப்போம். 2023இல் தமிழக அரசு கைத்தறியாளருக்கான இலவச மின்சாரத்தை இரு மாதத்திற்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியபோது மகிழ்ந்தோம். மின்சாரம் வந்தது, அதற்குரிய காவல் உடன் வரவில்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும். இரு கால்களும் அவ்வீரத்தில் இருக்க, தலைக்கு மேல் விளக்கும், சில வீடுகளில் ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்கும் மோட்டாரும் இருக்கின்றன. “பியூஸ் இருக்கிறதே” என்பார் பலர். 16 ஆம்பியர் பியூஸ் என்பது 16,000 மில்லி ஆம்பியர்; ஓரிரு நொடி உடலிற் பாய்ந்தால் 50 மில்லி ஆம்பியரே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். பியூஸ் கம்பியைக் காக்கும், மனிதனைக் காவாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் சாதனம். (இரு கம்பிகளையும் ஒருங்கே பற்றியவரை அதுவும் காவாது. எனவே கவனம் தேவையில்லை என்று எவரும் எண்ணற்க.) தாக்குண்டவரைக் கையால் இழுக்காமல், முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதை வீட்டுச் சிறுவரும் அறிந்திருத்தல் நலம்.

அடுத்தது தீ. பருத்தி நூல் எரியும் விதம் வேறு. சுடர் அடங்கிய பின்னும் கட்டின் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். நள்ளிரவில் மீண்டும் பற்றும். எரிந்த கட்டினை வெளியே கொணர்ந்து, பிரித்து, நீரில் நனைத்த பிறகே கண் மூடலாம். மின்சாரம் ஓடும் இடத்திலோ நீர் ஊற்றலாகாது. தூள் நிரப்பிய சிறு தீயணைப்பான் அங்கே உதவும். ஆனால் 2 கிலோ தீயணைப்பான் ஏறத்தாழ 10 நொடியில் தீர்ந்துவிடும். சுடரின் அடியில் குறி வைக்கப் பழகாதவருக்கு அது வெறும் சிவப்பு உருளை. வாசலை மறைத்து நூல் மூட்டை அடுக்கும் வழக்கத்தையும் நம்மவர் கைவிட வேண்டும்.

பூச்சிமருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி அடுக்களையில் வைக்கும் விவசாய அங்கத்தினருக்கும் ஒரு சொல்: அதற்கு ஒரு பூட்டிய பெட்டி போதும்.

நாம் கேட்பது இதுதான். நாடாவும் அச்சும் போல, ஆர்.சி.டி.யும் தீயணைப்பானும் தறியின் உறுப்பென்று நிர்வாகக் குழு தீர்மானிக்கட்டும். சங்கமே மொத்தமாக வாங்கி, தகுந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்தி, செலவில் பாதியைத் தான் ஏற்று, மீதியைக் கூலியில் சிறு தவணையாகப் பிடிக்கட்டும். “நிதி இல்லை” என்ற விடை வரும் என்பதை அறிவோம். விழா மேடைக்கும் மாலைகளுக்கும் அந்த விடை வந்ததில்லை.

ஆர்.சி.டி.யில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். கூலி கொடுக்கும் நாளில், “பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா?” என்று எழுத்தர் கேட்டுப் பற்றுவரவுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு குறியிடலாம். அடுத்த மகாசபையில் இதற்கான தீர்மானத்தை அங்கத்தினர் எவரேனும் கொண்டுவருவாராயின், வழிமொழிய நாம் முன்நிற்போம்.