போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கும் நிலையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், விவசாயிகள் சங்கம், கோபிசெட்டிபாளையம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஈரோடு.
நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கோபி கோட்டாட்சியர்.

பொருள்: காவல் நிலையங்களில் பலப்பிரயோகம் – புகார் ஆணையம், கேமரா பதிவு, கோட்டாட்சியர் விசாரணை – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.



மின்கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த நினைவோடு வளர்ந்த சங்கம் எங்களுடையது. மோட்டார் ஒயர் திருடு போனால் ஸ்டேஷன் படி ஏறுகிறவர்களும் நாங்கள்தான். ஆகவே இது போலீசுக்கு எதிரான மனு அல்ல.

கோபி கோட்டத்தின் மலைகளில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். வீரப்பன் தேடுதலின்போது அதிரடிப்படையினர் செய்த சித்திரவதைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு என்ற உத்தரவு 2007-ல்தான் வந்தது. 2004-ல் வீரப்பன் கொல்லப்பட்டபோதோ, அதிரடிப்படையினருக்குப் பதவி உயர்வும் தலா ரூ.3 லட்சமும் உடனடியாக அறிவிக்கப்பட்டன. பரிசு ஓடி வந்தது, இழப்பீடு நொண்டி நொண்டி வந்தது.

ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்டந்தோறும் போலீஸ் புகார் ஆணையம் அமைய வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆட்சியரைத் தலைவராகவும் காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. தங்கள் நேர்மை மீது எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அடிபட்டவர் தன்னை அடித்தவரின் மேலதிகாரி எதிரில் உட்கார்ந்து என்ன பேசுவார்? இச்சட்டத்தைத் திருத்துமாறு அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை புகார்தாரரின் முதல் வாக்குமூலத்தைப் போலீசார் யாரும் இல்லாத இடத்தில் வருவாய்த்துறை அலுவலர் பதிவு செய்யட்டும். கோபி கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே ஒப்புகைச் சீட்டுடன் புகார் பெறப்படட்டும். தாளவாடியிலிருந்து ஈரோடு வரை ஒருவரை அலைய விடுவது புகாரே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்தது கேமரா. 2020-ல் ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்ட சாத்தான்குளம் காவல் நிலையத்தில், போதிய சேமிப்பு வசதி இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் காக்கப்பட வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவிலும் தாங்கள் இருக்கிறீர்கள். கோபி, சத்தியமங்கலம், அந்தியூர், தாளவாடி காவல் நிலையங்களில் எத்தனை கேமரா ஓடுகிறது, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்பதை நேரில் சோதித்து வெளியிட வேண்டுகிறோம். கேமரா இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போய் விசாரிக்கும் தனிப்படைப் பழக்கமும் நிற்க வேண்டும். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி, வழக்கே பதியாத நிலையில் தனிப்படை விசாரணையில்தான் இறந்தார்.

மாவுக்கட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற செய்தியும் கட்டுப் போட்ட படமும் வராத மாதமில்லை. காவல் நிலையத்துக் கழிவறைகள் மட்டும் இவ்வளவு வழுக்கினால் அதைப் பொதுப்பணித்துறையாவது கவனிக்க வேண்டாமா? எலும்பு முறிவு கொடுங்காயம். இப்படி ஒவ்வொரு முறிவுக்கும் காவல் நிலை ஆணை 151-இன்படி கோட்டாட்சியர் விசாரணை நடத்தி, அறிக்கையின் நகலைக் காயம்பட்டவருக்கு வழங்க வேண்டும். காயம் எப்படி வந்தது என்பதை மருத்துவர் காயம்பட்டவரிடம் தனியாகக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுத வேண்டும்.

ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் எடுத்த நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்