வண்டிக்கு வால் முளைத்த கதை



அன்று காலை கேத்தியில் பனிமூட்டம் விலகவே இல்லை. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடக் குன்னூருக்குக் கிளம்பிக் கொண்டிருந்தோம். எங்களுடையது பழைய மாருதி 800. அந்த வண்டி தயாரிப்பதே 2014-ல் நின்று போயிற்று. எங்களுடையது அதற்கும் வெகு முந்தியது!

"அம்மா, வண்டிக்கு வால் முளைச்சிருக்கு!" என்று மூத்தவன் கூவினான். குனிந்து பார்த்தால், முன்பக்கம் சுண்டுவிரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தொங்குகிறது.

"பழைய வண்டின்னா நாலு தொங்கத்தான் செய்யும். கயித்தால கட்டிட்டுப் போலாம்" என்றார் இவர்.

"கொஞ்சம் இருங்க. எதோட குழாய்னு தெரிய வேண்டாமா?" என்று, தரையில் இருந்த ஈரத்தைப் பழைய செய்தித்தாளில் ஒற்றினேன். பச்சை நிறம், வழவழப்பு. அதற்குள் பையன் விரலை நனைத்து வாய்க்குக் கொண்டு போகிறான்! பாய்ந்து பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மெக்கானிக் தம்பி வந்து பார்த்தார். "ரேடியேட்டர்ல இருந்து ரிசர்வ் டாங்கிக்குப் போற குழாய் அக்கா. கிளிப் விட்டுப் போச்சு" என்றார்.

நம் பிரஷர் குக்கர் மாதிரிதான் ரேடியேட்டரும். கேத்தி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் கொடுப்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. சூடானால் மிகுந்தது குழாய் வழியே டாங்கிக்குப் போகும், ஆறினால் திரும்பி வரும். குழாய் கழன்றால் போனது போனதுதான். இறக்கத்தில் குன்னூர் போய்விடுவோம். திரும்பும்போது ஏற்றத்தில், கைக்குழந்தையோடு, என்ஜின் கொதித்து நடுவழியில் நின்றிருப்போம்.

உங்கள் வண்டியிலும் குழாய் தொங்கினால், ஈரத்தைப் பாருங்கள்:

* தெளிந்த தண்ணீரா? ஏ.சி. ஓடியிருந்தால் அதன் வடிகுழாய். பயமில்லை.

* பச்சை அல்லது சிவப்பு, வழவழப்பா? கூலன்ட். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

* பெட்ரோல் வாசனையா? சாவியைத் தொடாதீர்கள். நெருப்பு கிட்டே வேண்டாம்.

* சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கா? பிரேக் ஆயிலாக இருக்கலாம். மலைப்பாதையில் ஓரடிகூட நகர்த்தாதீர்கள்.

* ஈரமே இல்லையா? வெறும் காற்றுக் குழாயாக இருக்கலாம். ஆனாலும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஜாக்கி மட்டும் முட்டுக் கொடுத்த வண்டிக்கு அடியில் யாரும் நுழைய வேண்டாம்.

முக்கியமான விஷயம், தாய்மார்களே! கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், கூலன்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாயும் பூனையும்கூட நக்கும்.

புதுக் கிளிப் போட்டு, கூலன்ட் ஊற்றி, பதினோரு மணிக்குக் கிளம்பினோம். ஊசி போட்டாயிற்று. இவரும் இப்போதெல்லாம் வண்டியை எடுக்குமுன் ஒரு தடவை குனிந்து பார்க்கிறார்!