60 நாளா, 90 நாளா?

பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ரிமாண்ட் நீதிமன்றங்களில் எழும் கேள்விகளில் முதன்மையானது இது. தற்கொலைக்குத் தூண்டியதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவில் கைதானவர் சிறையில் 60 நாளைக் கழித்துவிட்டார், குற்றப்பத்திரிகை வரவில்லை. அவருக்குப் பிணை உரிமை பிறந்துவிட்டதா, இன்னும் 30 நாள் உள்ளே இருக்க வேண்டுமா? அந்தக் குற்றத்துக்குத் தண்டனை பத்தாண்டு வரை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2)இன் வரம்புரை, மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது "பத்தாண்டுக்குக் குறையாத" சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள் என்றது. புதிய சட்டத்தின் 187(3)இல் அந்த இடத்தில் "பத்தாண்டு அல்லது அதற்கு மேல்" என்று இருக்கிறது.

பழைய தொடருக்குப் பொருள் சொன்னது ராகேஷ் குமார் பால் எதிர் அசாம் அரசு வழக்கு (2017). குறைந்தது நான்காண்டு, அதிகபட்சம் பத்தாண்டு தண்டனையுள்ள ஊழல் தடுப்புச் சட்டக் குற்றம் அது. ஆயுள் தண்டனைக்கு வாய்ப்புள்ள குற்றம் என்றால், குறைந்தபட்சத் தண்டனை எதுவாயினும் 90 நாள்தான். சிக்கல் பத்தாண்டில் மட்டுமே. சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று நீதிபதிகள் மதன் லோகுரும் தீபக் குப்தாவும் முடிவு செய்தனர். பத்தாண்டு விதிக்க இடமிருந்தாலே போதும் என்று நீதிபதி பிரபுல்ல சந்திர பந்த் மாறுபட்டார்.

அந்த மாறுபட்ட தீர்ப்பைச் சட்டமாக்கவே சொற்கள் மாற்றப்பட்டன என்று அரசுத் தரப்பு இப்போது வாதிடலாம். பெரும்பான்மைத் தீர்ப்பை அறிந்துதானே நாடாளுமன்றம் சொல்லை மாற்றியது என்பது அதன் அடிப்படை. இன்னும் வலுவான வாதமும் உண்டு. தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வரவேண்டிய குற்றங்களை 176(3) "ஏழாண்டு அல்லது அதற்கு மேல்" என்றே குறிக்கிறது. அங்கே அதிகபட்சத் தண்டனையைத்தான் பார்க்கிறோம். ஒரே சட்டத்தில் ஒரே சொல்லமைப்புக்கு இரு பொருளா?

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நம் நிலைப்பாடு 60 நாள் என்பதே. "பத்துக்குக் குறையாத", "பத்து அல்லது அதற்கு மேல்" என்ற இரண்டுக்கும் கணக்கில் வேறுபாடு இல்லை. அந்தப் பத்து தண்டனையின் கீழ் எல்லையா, மேல் எல்லையா என்பதே வழக்கு. அதற்கு விடை 2017லேயே கிடைத்துவிட்டது. மேல் எல்லையைக் குறிக்க நாடாளுமன்றம் நினைத்திருந்தால் அதற்கான சொல் அதே சட்டத்தின் 35ஆம் பிரிவில் இருக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்வதைப் பற்றிப் பேசும்போது "ஏழாண்டு வரை நீளத்தக்க" தண்டனை என்று அது தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சொல்லை 187இல் எடுத்தாளவில்லை. 176(3)ஐப் பொறுத்தவரை, அது காவல்துறையின் மீது கடமையைச் சுமத்தும் பிரிவு. அதை விரித்துப் படித்தால் விசாரணை செம்மையாகும். 187ஐ விரித்துப் படித்தாலோ, குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர் இன்னும் ஒரு மாதம் அடைபட்டிருப்பார். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு இருக்க, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் குற்றங்களுக்கும் 60 நாளே தந்தது. 90 நாள் 1978 திருத்தத்தில் கடும் குற்றங்களுக்காக நுழைந்த விதிவிலக்கு. விதிவிலக்கைச் சுருக்கிப் படிப்பதே முறை. கொரோனா காலத்தில் வழக்குகளின் காலக்கெடுவை நீட்டித்த பொது உத்தரவு குற்றப்பத்திரிகைக்கும் பொருந்தும் என்று கொண்டு, மதுரை மாவட்டச் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் நம் உயர் நீதிமன்றம் பிணை மறுத்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெருந்தொற்றே நீட்டாத காலத்தை ஒரு சொல்மாற்றத்தைக் காட்டி நீட்டக் கூடாது.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 இறுதியில் 60 நாள் என்றே கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நம் நடுவர்களைக் கட்டாது, எடுத்துக்காட்டலாம். இளம் வழக்குரைஞர்கள் பழைய தீர்ப்பின் தலைக்குறிப்பை மட்டும் நீட்டாமல் 35, 176, 187 மூன்றையும் அருகருகே வைத்து வாதிட வேண்டும். எதிர்த்தரப்பு 176ஐ எடுக்கும் முன் நாமே அதை எடுத்து விளக்கிவிடுவது நல்லது.

நாள்கணக்கில் கவனம் தேவை. ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 61ஆம் நாள் காலையிலேயே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். எழுத்து மனு தயாராகவில்லை என்றால் வாய்மொழியாகவாவது கேளுங்கள். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். மனு தள்ளுபடியானால், காரணம் எழுதிய உத்தரவைக் கேட்டு வாங்கி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.