படிப்பு ஏறாதது தலையெழுத்தா?

“என் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. அவன் தலையெழுத்து அவ்வளவுதான்.”

பஞ்சாலை வாசலிலும் வயல் வரப்பிலும் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பார்த்து, பெற்றவர்களே மனம் உடைந்து இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு என்ன? படிப்பு பாதியில் நிற்கிறது. தகப்பன் பிடித்த மண்வெட்டியையே மகனும் பிடிக்கிறான்.

இது தலையெழுத்துதானா? இல்லை என்கிறது விஞ்ஞானம்.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளை எடையில் சுமார் கால் பங்குதான். இரண்டு வயதில் அது ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. ஆறு வயதுக்குள் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடுகிறது. எடை மட்டுமா கூடுகிறது? மூளையின் கோடானுகோடி நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்வதும் இந்தக் காலத்தில்தான் அதிவேகமாக நடக்கிறது. அடிக்கடி பயன்படும் தொடர்பு உறுதிப்படுகிறது. பயன்படாதது மறைகிறது. ஜனங்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை உண்டாகிறது. நடமாட்டம் நின்றால் புல் மூடிவிடுகிறது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

பேச்சையே எடுத்துக்கொள்வோம். கனடாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1984-இல் வெளியாயிற்று. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு, நம்முடைய ‘த’, ‘ட’ போன்ற இரண்டு இந்தி ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், அதுவரை கேட்டிராத அந்த ஒலிகளை வேறு பிரித்து அறிந்தன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளிடமோ அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு ஏற்றபடி குழந்தையின் காது அதற்குள் பழகிவிட்டது! பள்ளிக்கூடம் ஐந்து வயதில் ஆரம்பமாகிறது என்று நாம் நினைக்கிறோம். மொழிப் பாடம் தூளியிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

வாசிப்பு வேறு விஷயம். பேச்சு, கேட்டுப் பழகினால் தானாக வரும். எழுத்தை ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். மனிதன் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. தமிழிலோ 247 எழுத்துக்கள். ‘கல்’, ‘பல்’ இரண்டிலும் முதல் ஒலி மட்டுமே வேறு என்று காதால் உணர்ந்த பிள்ளைக்கு, ‘க’வும் ‘ப’வும் கரும்பலகையில் வரும்போது சுலபமாகப் பிடிபடுகின்றன. கதையும் விடுகதையும் கேட்டு ஏராளமான சொற்களை அறிந்த பிள்ளை, படிப்பதன் பொருளையும் புரிந்துகொள்கிறது. அந்த அஸ்திவாரம் இல்லாத பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தாலும், வாசித்தது என்னவென்று தெரியாமல் விழிக்கிறது.

அப்படியானால் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத்தான் அஸ்திவாரமா? அதுவும் இல்லை. 2018-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 4 முதல் 6 வயது வரையுள்ள 36 குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். வீட்டில் பெரியவர்களுடன் மாறி மாறி அதிகம் பேசிய குழந்தைகளுக்கு, கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. எத்தனை சொற்கள் காதில் விழுந்தன என்பதைவிட, குழந்தை ஒன்று சொல்லப் பெரியவர் ஒன்று சொல்லும் உரையாடலே முக்கியமாக இருந்தது. குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் இதுவே முடிவு.

நமது தாய்மாருக்குப் பேசத் தெரியாதா? நடவுப் பாட்டும் தாலாட்டும் விடுகதையும் அவர்களுடைய சொத்து. இல்லாதது நேரம்! விடியுமுன் எழுந்து உலை வைத்து, ஷிப்டுக்கு ஓடி, திரும்பி வந்து தண்ணீர் பிடித்து, மறுபடி அடுப்பெரிக்கும் பெண்ணுக்குப் பிள்ளையின் மழலைக்குப் பதில் சொல்ல ஏது அவகாசம்? களையெடுக்கப் போனவளின் குழந்தை மரத்தடித் தூளியில் கிடக்கிறது. அல்லது ஏழு வயது அக்காளின் இடுப்பில் இருக்கிறது. தம்பியின் பேச்சும் கெடுகிறது, அக்காளின் பள்ளிக்கூடமும் கெடுகிறது.

இதை மாற்ற முடியுமா? முடியும் என்று ஜமைக்கா நாடு காட்டியது. அங்கே கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பேட்டைகளில், போஷாக்குக் குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து 1986-87-இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் வாரம் ஒரு மணி நேரம் சென்றார்கள். வீட்டில் கிடைத்த பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு இது நடந்தது. சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, இந்த உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள்! பிற்காலச் சம்பளம் பிள்ளைப் பருவத்துப் பேச்சிலேயே அடங்கியிருந்தது.

வயிறு காய்ந்தால் மூளையும் காயும் என்பதை மறக்கக் கூடாது. இரும்புச் சத்தும் அயோடினும் குறைந்தால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. கீரையும் முட்டையும் அயோடின் உப்பும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் மருந்தைப் போல அவசியம்.

சட்டங்கள் ஏட்டில் ஏராளம். 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 5 குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்றது 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம். 2020-இல் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்தபோதும் காப்பக விதி நீடித்தது. ஆனால் 29 பெண்களோடு கணக்கை நிறுத்திய முதலாளி எத்தனை பேர்? காப்பகம் என்று பலகை மாட்டிப் பூட்டி வைத்த அறைகள் எத்தனை? 1975-இல் பிறந்த அங்கன்வாடித் திட்டமும், பாலர் கல்வியை 3 வயதுக்கு மேல்தான் வைத்தது. மூளை மிக வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

ஆகவே தோழர்களே, கூலி உயர்வுக் கோரிக்கையோடு காப்பகத்தையும் சேர்த்து எழுதுங்கள். அங்கே தொட்டில் மட்டும் போதாது. குழந்தையோடு பேசவும் கதை சொல்லவும் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும், அவருக்கு நியாயமான ஊதியம் வேண்டும். அங்கன்வாடியின் நேரம் உங்கள் வேலை நேரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று கேளுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றிரவு சோறு ஊட்டும்போது பிள்ளை ‘அது என்ன?’ என்றால் பதில் சொல்லுங்கள். திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். தாய்க்கு மட்டும் இந்த வேலையை விடாதீர்கள், தகப்பன்மாரும் பேசுங்கள். எழுத்துத் தெரிந்தவர் இந்தப் பத்திரிகையையாவது உரக்கப் படியுங்கள். எழுத்துத் தெரியாதவர் கதை சொல்லுங்கள். பிள்ளைக்கு அதுவும் பாடமே. நம் பிள்ளைகளைத் தலையெழுத்தின் பேரால் கைவிட மாட்டோம் என்று உறுதி கொள்வோம்!