ஒலியமுக்கியும் 'தூய தொனி' என்னும் மாயையும்

மின்கித்தார் வாசிப்போரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தொன்றுண்டு. தொனி என்பது வாசிப்பவனின் விரல்களிலேயே பிறக்கின்றது. கொம்பிறெசர் எனப்படும் ஒலியமுக்கி அவ்விரல்களின் குறைகளை மூடிமறைக்கும் போலிச் சாதனம் என்பதே அது. கேட்பதற்கு உயர்ந்த இலட்சியம்போற் தோன்றும் இக்கருத்து, ஆராயப் புகின் நிலைக்கமாட்டாது.

ஒலியமுக்கி செய்வது யாது? மீட்டப்பட்ட தந்தியின் ஒலி ஒரு கணம் உச்சத்தைத் தொட்டு, பின்னர் விரைந்து தேய்கின்றது. குறித்தவோர் எல்லையைக் கடக்கும் ஒலியை மட்டுமே ஒலியமுக்கி தாழ்த்துகின்றது. விகிதம் 4:1 எனின், எல்லையை 12 டெசிபெல் கடந்த ஒலி 3 டெசிபெல் மட்டுமே கடந்ததாக வெளிவரும். இவ்வாறு இழந்த உரப்பு பின்னர் முழு ஒலிக்கும் ஈடுசெய்யப்படும்போது, தேயும் பகுதி முன்னிலும் உரத்துக் கேட்கின்றது. 'நீடிப்பு' எனப் போற்றப்படுவதும் தூற்றப்படுவதும் இதுவே. தந்தியின் அதிர்வு ஒரு கணமேனும் கூடுவதில்லை.

இனி, தூய்மைவாதிகள் போற்றும் இயற்கைத் தொனி எங்குள்ளது எனக் கேட்கவேண்டும். திண்மரத்தாலான மின்கித்தாரை அம்பிளிபயரின்றி மீட்டினால் அடுத்த அறையிலிருப்பவனுக்கும் கேளாது. அதன் தொனி மின்சுற்றிலேயே உருப்பெறுகின்றது. இவர்கள் வாயார வாழ்த்தும் பழைய வால்வு அம்பிளிபயரை உச்சத்தில் வைத்து இயக்கும்போது நிகழ்வதென்ன? வால்வுகள் தெவிட்டுகின்றன, வன்மையாக மீட்டிய கணத்தில் மின்வழங்கியின் அழுத்தம் தாழ்ந்து, பின்னர் மெல்ல மீள்கின்றது. உச்சம் தணிந்து வால் நீள்கின்றது. இதுவும் அமுக்கமே. அம்பிளிபயர் செய்தாற் கலை, காலடியிலுள்ள சிறு பெட்டி செய்தால் மோசடி என்பது எவ்வகைத் தர்க்கமோ!

1965 ஜனவரியில் ஹொலிவூட்டிலுள்ள கொலம்பியா ஒலிப்பதிவுக்கூடத்தில் நிகழ்ந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. பொப் டிலனின் 'மிஸ்ரர் ரம்பரீன் மான்' பாடலை பேர்ட்ஸ் குழுவினர் அன்று பதிவுசெய்தனர். பின்னாளில் றொஜர் மக்குவின் என அறியப்பட்டவர் பன்னிரண்டு தந்திகள் கொண்ட றிக்கன்பாக்கர் கித்தாரை வாசித்தார். உரத்த றொக் இசையினாற் கருவிகள் பழுதுறக்கூடும் என அஞ்சிய ஒலிப்பதிவாளர் றே கெர்ஹார்ட், கித்தாரின் ஒலியை அமுக்கிகளினூடாகச் செலுத்தினார் என்பது மக்குவினின் கூற்று. கருவியைக் காக்கச் செய்த ஏற்பாடு, அக்குழுவின் அடையாளத் தொனியாயிற்று. அமுக்கமின்றி அக்கித்தார் மந்தமாகவே ஒலிக்கும் என்பதையும் அவர் மறைத்தாரில்லை. 1988இல் றிக்கன்பாக்கர் நிறுவனம் அவர் பெயரால் வெளியிட்ட மாதிரி, அமுக்கிச் சுற்றைத் தன்னுள்ளே கொண்டதாகவும் கிடைத்தது.

இதனைக் குறைமறைப்பு என்பார் 1966இல் வெளிவந்த 'எயிட் மைல்ஸ் ஹை' பாடலைச் செவிமடுக்கவேண்டும். ஜோன் கோல்ற்றேனின் சக்சபோன் வாசிப்பைப் பின்பற்ற முனைந்த மக்குவினுக்கு ஒரு தடை இருந்தது. ஊதுகருவியில் மூச்சுள்ளவரை சுரம் நிற்கும். மீட்டிய தந்தியில் நில்லாது. அத்தடையைக் கடக்க உதவியது ஒலியமுக்கி தந்த நீடிப்பே. விரலின் குறை அங்கு மறைக்கப்படவில்லை. முன்னர் இயலாதிருந்த வாசிப்பொன்று விரலுக்கு இயல்வதாயிற்று.

எதிர்ப்போர் கூற்றில் உண்மையே இல்லை என்பதன்று. 1970களில் எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் டைனா கொம்ப் பெட்டி பெரிதும் பரவியது. அதிலிருந்தவை இரண்டே குமிழ்கள்: ஒன்று வெளியீட்டளவுக்கு, மற்றையது உணர்திறனுக்கு. உணர்திறனை முற்றாகத் திருப்பிவிட்டால் மீட்டல்கள் யாவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். சுரங்களின் இடைவெளிகளில் பிக்கப்பின் இரைச்சல் மேலெழும். வாசிக்கத் தொடங்கும் மாணவன் எந்நேரமும் அவ்வாறு பயின்றால், தன் மீட்டலின் சீரின்மையைத் தானே கேட்கமாட்டான். இது மெய்யான தீங்கு. பெட்டியை வாங்கினாற் தொனியும் உடன்வரும் என விளம்பரம் செய்யும் வணிகர்க்கும் இத்தீங்கிற் பங்குண்டு. ஆயின் அளவுமீறிய பாவனையைக் காட்டிக் கருவியையே நிராகரிப்பது, உப்பு மிகுந்த கறியைக் காட்டி உப்பே ஆகாது என்பதற்கொப்பாகும்.

விரலின் பேச்சு அடங்கிவிடுகின்றது என்ற குற்றச்சாட்டே எஞ்சுகின்றது. மென்மையான மீட்டலும் வன்மையான மீட்டலும் ஏறத்தாழ ஒரே உரப்பில் வெளிவரினும் ஒரே நிறத்தில் வெளிவருவதில்லை. வன்மையாக மீட்டும்போது மேற்றொனிகள் மிகுதியாக எழுகின்றன; அவ்வேறுபாட்டை ஒலியமுக்கி அழித்துவிடுவதில்லை. அமுக்கம் தொடங்கும் வேகத்தைச் சற்றுத் தாமதிக்க இடந்தரும் பெட்டிகளில், தந்தியை விரல் தொட்டு விடுவிக்கும் முதற் கணம் அமுக்கப்படாமலே கடந்து செல்கின்றது. அதன் பின்னரே உரப்புத் தாழ்கின்றது. அந்த முதற் கணத்திலேதான் விரல் இருக்கின்றது.