கடன் வாங்கிய கறுப்பாடு

கோவைப் பக்கத்து மாணாக்கன் ஆங்கிலத்தில் கட்டுரை எழுத அமர்ந்தால், அவன் முதலில் தேடுவது கருத்தையன்று; நெட்டுருச் செய்து வைத்த மரபுத்தொடர்களையே! பத்திக்கு இரண்டைச் செருகினால்தான் மதிப்பெண் என்று அவனுக்குக் கற்பித்து வைத்துள்ளனர். 'நியூகாசிலுக்கு நிலக்கரி சுமத்தல்' என்று எழுதுவான். நியூகாசில் எத்திசையில் உள்ளதென்று அறியான். இங்கிலாந்தின் வடகிழக்கே, நிலக்கரி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம் அது. அந்நாட்டார்க்கு அத்தொடர் கண்ணாற் கண்ட செய்தி. 'கொல்லத் தெருவில் ஊசி விற்பதா?' என்று அவன் அம்மாயி கேட்டதும் அதுவேயன்றோ? அது கட்டுரைக்கு ஆகாதாம்!

கறுப்பாட்டின் கதையோ இன்னும் வேடிக்கை. குடும்பத்துக்கு இழுக்குத் தேடுவோனை ஆங்கிலேயர் அவ்வாறு அழைப்பர். அவர்கள் கம்பளிக்காக ஆடு வளர்த்தவர்கள். கறுப்பு மயிரில் வேறு சாயம் ஏறாது. அதனால் விலை குன்றும். அதனால் வந்தது அவ்விழிவு. கொங்குநாட்டு மேச்சேரிச் செம்மறியோ இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்படுவது. கருப்பராயனுக்கென்று கருங்கிடாயைத் தேடி நேர்ந்துவிடும் மண்ணில் கறுப்புக்கு என்ன இழுக்கு? ஆயினும் அவ்வாடு ஆங்கிலக் கட்டுரையோடு நில்லாமல் தமிழ் நாளிதழ்த் தலைப்புகளிலும் புகுந்து மேய்கின்றது. கட்சிக்குள் கறுப்பாடாம், காவல்துறைக்குள் கறுப்பாடாம்! குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு எங்கே போயிற்று?

ஆங்கிலம் கற்றல் குற்றமென்று எவரும் கூறார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26-இல் முன்வைத்த கோவை ஆர்.கே. சண்முகனார் ஆங்கிலத்தில் வல்லவர். சிலம்பின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவரும் அவரே. பிறர் மொழியில் எழுதுவோனுக்கு வேண்டுவது தெளிவு. எளிய தொடரில் ஒரு சொல் பிறழினும் பொருள் நிற்கும்; மரபுத்தொடரில் பிறழ்ந்தாலோ நகைப்பே எஞ்சும். அம்மொழிக்குரியவன் அதனை வளைத்து விளையாடலாம். நெட்டுருப் போட்டவனால் இயலாது. அந்நகைப்புக்கு அஞ்சியே சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் வாய்திறவாது ஒடுங்குகின்றனர்.

1888-இலேயே பஞ்சாலை எழுந்த கோவையில் 'பஞ்சு படாத பாடு' என்பதற்கு உரை வேண்டுமோ? உவமை வேண்டுமென்றால், 'திருப்பூருக்குப் பனியன் கொண்டுபோனாற் போல' என்று அம்மாணாக்கன் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். திருப்பூர் எங்குளதென்று படிக்கும் ஆங்கிலேயன் கேட்டறியட்டும்.