விசாவின் வகையைக் கேட்டறிவோம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். மழை பொய்த்த நிலம், பாதியில் நிற்கும் வீடு, மகளின் திருமணக் கடன் எனக் காரணங்கள் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே. அவர்களுக்கு நாம் வழக்கமாகக் கூறும் எச்சரிக்கைகள் விமானத்தை விட்டு இறங்கிய பின் பயன்படுபவை. ஆபத்தோ பெரும்பாலும் விமானம் ஏறுமுன்பே, கையிலுள்ள விசாவின் வகையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது நம் கருத்து.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டு பொதுவாக இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. அதை வைத்திருப்பவர் வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆந்திரத்தின் ஓம்காப், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களின் வழியாகவே அவர் செல்ல வேண்டும்.

இந்த வேலியைத் தாண்டத் தரகர் காட்டும் வழி எளியது. சுற்றுலா விசாவில் துபாய்க்கு அனுப்பி, அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார். சுற்றுலாப் பயணிக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ஆதலால் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. முறையாகச் செல்பவருக்கு உரிய பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் அடிப்படைப் பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். விபத்து மரணத்துக்கு இழப்பீடு 10 இலட்சம். தரகருக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒரு வேளைத் தேநீர்ச் செலவு.

குவைத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வரம்பையும், ஊதியத்துடன் வார ஓய்வையும் வழங்குகிறது. வீட்டுப் பணிக்குரிய 20ஆம் எண் விசாவில் சென்றவர் அதைக் காட்டி வாதாடலாம். வேறு வழியில் சென்றவர் காவல் நிலையம் சென்றால், முதலில் தம் குற்றத்துக்கே விடை கூற வேண்டியிருக்கும்.

முப்பது வயது விதியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அதன் நோக்கம் நல்லதே. ஆயினும் 26 வயதில் கடன் கழுத்தை நெரிக்கும் பெண், நான்கு ஆண்டு காத்திருப்பதில்லை, தரகரிடமே போகிறாள். தடுப்பதை மட்டும் செய்யும் விதி, தரகருக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுக்கிறது.

பணம் அனுப்பும் வழியும் பாதுகாப்பைச் சார்ந்ததே. திருமலையில் உண்டியல் என்றால் காணிக்கை. வளைகுடாவில் உண்டியல் என்றால் கணக்கில் வராத பணம். பின்னது சற்றுக் கூடுதலாகத் தரலாம். ஆனால் மாதந்தோறும் வங்கி வழியே வந்த ஊதியம் நின்றுபோனால், எந்த மாதத்தில் நின்றது என்பதற்கு எழுத்துச் சான்று வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தார் முறையிடும்போது அது கைகொடுக்கும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களும் முதலாளியின் முகவரியும் வீட்டில் இருத்தல் அவசியம். புறப்படுமுன் என்.ஆர்.இ. கணக்கைப் பற்றிக் கிளையில் கேட்டு, நியமனதாரரின் பெயரையும் பதிவு செய்துவிடலாம்.

இப்பயணங்களிற் பல நகைக்கடனில் தொடங்குகின்றன. நகையின் எடையும் தரமும் கேட்கப்படுகின்றன. வெளிநாடு செல்லவே கடன் என்று அறிந்தும் விசாவின் வகையை யாரும் கேட்பதில்லை. கிளை அலுவலர் அந்த ஒரு கேள்வியையும் கேட்கலாமே. அரசுக்கும் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு: கடவுச்சீட்டுக்காக இப்பெண்கள் எப்படியும் வரும் திருப்பதி சேவை மையத்திலேயே, வெளிநாட்டு வேலைக்கான ஆலோசனை மேசை ஒன்று இருக்கட்டும். நகரி, சத்தியவேடு பக்கத்துப் பெண்களுக்காக அங்கே தெலுங்கோடு தமிழும் பேசப்படட்டும்.